அட்டையில் இல்லாதவை

முல்லைத்தீவு
12.02.2024

ராஜினி,

இதைக் கடிதமாக எழுதுவதற்குக் காரணம், உன் கைபேசியில் என் இலக்கம் தடுக்கப்பட்டிருப்பது. வைத்தியசாலைத் தொலைபேசியிலிருந்து எடுத்திருக்கலாம். என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாய். கடிதத்தைக் கிழிப்பதற்கு முன் இரண்டு வரியாவது வாசிப்பாய் என்று நம்புகிறேன்.

வேலை விஷயம்தான். விசுவமடு சிற்றம்பலத்தாருக்கு மாத ஊசி போட வேண்டிய நாள் கடந்து பதினாறு நாட்கள் ஆகின்றன. அவர் கிளினிக்குக்கு வரவில்லை. நீ இங்கே இருந்தவரை ஒரு மாதமும் தவறவில்லை என்று பதிவு சொல்கிறது. ஆனால் அவரைக் கிளினிக்கில் கண்டதாக எனக்கு நினைவில்லை. ஆகவே நீ வீட்டுக்குப் போய்த்தான் போட்டிருக்கிறாய். அவருடைய அட்டையில், மருந்துக்கும் அளவுக்கும் கீழே, உன் கையெழுத்தில் இருப்பது இவ்வளவுதான்: "சங்கக் கடைக்குப் பின்னால், இரண்டாவது வாய்க்கால், செவ்வரத்தை வேலி." அந்த வாய்க்கால் ஓரத்தில் எந்த வீட்டில் செவ்வரத்தை இல்லை?

வீட்டைச் சரியாகச் சொல். இன்னும் பத்து நாள் போனால் அவருக்குக் குரல்கள் திரும்பவும் கேட்கத் தொடங்கும் என்பதை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நீ போன பிறகு உளநலப் பிரிவில் நானும் இன்னொரு தாதியும் மட்டும்தான். இதைக் குறையாக எழுதவில்லை. கொழும்புச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்க நினைத்தேன். அதைக் கேட்கும் இடத்தில் நான் இப்போது இல்லை என்பதும் தெரியும்.

நேசமலர்


கொழும்பு
19.02.2024

பொறுப்புத் தாதி அவர்களுக்கு,

சங்கக் கடையிலிருந்து வாய்க்கால் ஓரமாக உள்ளே போனால் மூன்றாவது வீடு. முற்றத்தில் நீலத் தண்ணீர்த் தாங்கி இருக்கும். மனைவியின் பெயர் வீரம்மா. வயலுக்குப் போவதற்கு முன், காலை ஏழு மணிக்குள் போனால் அவர் வீட்டில் இருப்பார்.

வேலை விஷயம் முடிந்தது. இனி என் விஷயம்.

உளநலத் தாதியருக்கான இந்த ஒரு வருட மேற்படிப்புக்குப் போன வருடமே எங்கள் மாவட்டத்துக்கு ஓர் இடம் கிடைத்தது. முடித்தால் சமூக உளநலத் தாதி என்ற பதவி. எங்கள் மாவட்டத்தில் இதுவரை ஒருவரும் முடிக்காத படிப்பு. நான் விண்ணப்பித்தேன். "பதிலாள் இல்லை. விடுவிக்க முடியாது" என்று எழுதித் திரும்பி வந்தது. வவுனியா தாதியர் கல்லூரியில் மூன்று வருடம் பக்கத்துக் கதிரையில் இருந்து உன் குறிப்புகளைப் பார்த்து எழுதியவள் நான். யார் எழுதியது என்று அறியக் கையொப்பத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

பதினொரு வருடம் காலையில் ஒரே ஸ்கூட்டியில் வேலைக்குப் போனோம். பின்னால் இருந்தபடி பள்ளம் வருகுது, மாடு வருகுது என்று எல்லாம் சொல்வாய். இதை மட்டும் சொல்லவில்லை. அதனால்தான் இந்த வருடம் உன்னைத் தாண்டி விண்ணப்பத்தோடு எங்கள் பிரிவின் மனநல வைத்தியரிடம் நேரே போனேன். சொல்லாமலே புறப்பட்டேன். அதற்காக வருந்தவில்லை.

வகுப்பில் முப்பத்தொரு பேர். தமிழர் இரண்டு பேர். விரிவுரை சிங்களத்தில், பரீட்சை ஆங்கிலத்தில். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். சாப்பாடு ஒத்துக்கொள்கிறது.

ராஜினி


முல்லைத்தீவு
04.03.2024

ராஜினி,

நீ எழுதியதில் ஒன்றுக்கும் இப்போது மறுமொழி சொல்லப் போவதில்லை. அதைவிட அவசரமான ஒன்று நடந்துவிட்டது. யாரும் சொல்லி நீ அறிவதைவிட நானே சொல்வது நல்லது.

உன் கடிதம் கிடைத்த அடுத்த நாள், வைத்தியசாலையின் வெள்ளை வாகனம் விசுவமடுப் பக்கம் தடுப்பூசிப் பெட்டி கொண்டுபோகப் புறப்பட்டது. நானும் ஏறிக்கொண்டேன். வாய்க்கால் பாதையில் வாகனம் போகாது என்று சாரதி நிஷாந்தன் சொன்னார். போகும், விடுங்கோ என்றேன். போனது. நீலத் தாங்கி தெரிந்த வாசலில் நிறுத்தினோம். அவர் ஹோர்ன் அடித்தார். நான் சீருடையோடு இறங்கி, அட்டையைப் பார்த்து, நோயாளர் வாட்டில் கூப்பிடுவது போலத் தகப்பன் பெயரோடு உரத்துக் கூப்பிட்டேன்: "நடராசா சிற்றம்பலம்."

பின்வேலி சரிகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான். மனுஷன் வயலுக்குள் ஓடி மறைந்துவிட்டார்.

வெள்ளை வாகனம் வாசலில் நின்று முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அப்படி ஏற்றிப்போனவர்கள் திரும்பி வராத இந்த மண்ணில் ஓர் ஆண் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். நானும் இங்கேதான் பிறந்தேன். சீருடையைப் போட்டதும் மறந்துவிட்டேன்.

வீரம்மா வெளியே வந்து என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். "ராஜினி மிஸ்னா ஸ்கூட்டியக் கடையடியில விட்டுட்டு, சேலை கட்டிக்கிட்டு, சொந்தக்காரி மாதிரி நடந்து வருவாங்க. நீங்க பொலிஸ் மாதிரி வந்துட்டீங்களே" என்றாள். பக்கத்து வேலிகளில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். அவளுடைய மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறார்களாம். அதையும் அங்கே நின்றுதான் அறிந்தேன்.

இரண்டு நாள் கழித்து அவரைக் குளக்கட்டுக்கு அப்பால் ஒரு காவல் கொட்டிலில் கண்டுபிடித்தார்கள். உடம்பில் காயம் இல்லை. மூன்றாம் நாள் நான் தனியாக, பஸ்ஸில் போய், சங்கக் கடையில் இறங்கி நடந்தேன். ஊசி போட்டாயிற்று. கையை நீட்டினார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிழை என்னுடையது. ஆனால் ஒன்று கேட்கிறேன். இவ்வளவும் தெரிந்து வைத்திருந்தவள் ஏன் ஒரு வரியாவது அட்டையில் எழுதவில்லை?

நேசமலர்


கொழும்பு
21.03.2024

நேசம்,

உன் கடிதத்தை விடுதிப் படியில் இருந்து வாசித்தேன். முதலில் கோபம் வந்தது. பிறகு, அந்த வாசலில் நீ தனியாக நின்றதை நினைத்தேன். கோபம் போய்விட்டது.

ஏன் எழுதவில்லை என்று கேட்கிறாய். அது எழுத வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தெரியவில்லை. ஸ்கூட்டியைக் கடையடியில் விட்டு நடப்பதை நான் வேலையாக நினைத்ததே இல்லை. ஒரு வீட்டுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றுவோம், அந்த மாதிரி. இப்போது உட்கார்ந்து யோசித்தால், இத்தனை வருடம் செய்ததில் எது முக்கியமோ அது ஒன்றும் அட்டையில் இல்லை.

அதை இங்கே யாருக்குச் சொல்வது? நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதியது பொய். முதல் பரீட்சையில் எனக்கு முப்பத்தாறு. சித்தியடைய நாற்பத்தைந்து வேண்டும். விடை தெரியும், நேசம். ஆங்கிலத்தில் வரவில்லை. நான் கேள்வியை வாசித்து முடிக்கும்போது மற்றவர்கள் தாளைப் புரட்டுகிறார்கள். விரிவுரையில் எல்லோரும் சிரிக்கும்போது நானும் சிரிக்கிறேன். எதற்கென்று தெரியாது. என்னைவிடப் பதினைந்து வயது இளைய பிள்ளைகள் அவர்கள். அன்பாக இருக்கிறார்கள். அதுதான் இன்னும் கூச்சம்.

இரண்டாம் பரீட்சையிலும் தவறினால் அனுப்பிவிடுவார்கள். அனுப்புவதற்கு முன் நானே வந்துவிடுவது மரியாதை. படிப்பிலிருந்து விலகி வேலைக்குத் திரும்பும் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பொறுப்புத் தாதியின் கையொப்பம் தேவை.

நான் முடிக்கமாட்டேன் என்று நீ போன வருடம் நினைத்தது சரி என்று ஆகிவிட்டது. கையொப்பம் போடுவது இந்த முறை உனக்குக் கஷ்டமாக இருக்காது.

ராஜினி


முல்லைத்தீவு
29.03.2024

ராஜினி,

படிவத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையொப்பம் போடவில்லை. போடவும் மாட்டேன். மேலிடத்தில் முறையிடு. நான் பிடிவாதக்காரி என்று அவர்களுக்குத் தெரியும்.

இனி நான் எழுதப் போவதை யாருக்கும் சொன்னதில்லை. என் வீட்டில்கூடத் தெரியாது.

2011இல் இதே படிப்புக்கு நான் போனது உனக்கு நினைவிருக்கும். ஐந்தாம் கிழமை திரும்பி வந்தேன். அப்பாவுக்குக் கடும் வருத்தம், படுக்கையில் கிடக்கிறார், பார்க்க ஆளில்லை என்று எல்லோருக்கும் சொன்னேன். நீ மால்ட் டின் ஒன்று வாங்கிக்கொண்டு கனகராயன்குளத்துக்குப் பஸ் ஏறி அவரைப் பார்க்க வந்தாய். அப்பா வயலில் மருந்தடித்துவிட்டு வந்து, உனக்கு இளநீர் வெட்டித் தந்தார். அதற்குள் சுகமாகிவிட்டது என்றேன். நீ நம்பினாய். அந்த மால்டை நாங்கள் இரண்டு மாதம் கரைத்துக் குடித்தோம்.

அப்பாவுக்கு ஒன்றுமில்லை. ஒரு நாள் விரிவுரையாளர் என்னை எழுப்பி ஏதோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டார். நான் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பின்வரிசை வாங்கிலிருந்து யாரோ தமிழில் சொன்னார்கள், "பேரும் வேலை செய்யிற இடமும்தான் கேக்கிறார்" என்று. அடுத்த நாள் பெட்டியைக் கட்டினேன்.

போன வருடம் உன் விண்ணப்பம் என் மேசைக்கு வந்தபோது, அந்த மண்டபத்தில் நீ நிற்பதுதான் கண்ணில் வந்தது. உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். முழு உண்மையையும் சொல்கிறேன்: நான் விட்டு வந்ததை நீ முடித்து வந்தால் நான் யார் என்ற பயமும் இருந்தது. இரண்டில் எது கூட என்று நான் நிறுத்துப் பார்க்கவில்லை.

ஆனால் நீ நான் இல்லை. எனக்கு அப்போது அந்த மண்டபத்தில் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. உனக்கு இருக்கிறது. வருட முடிவில் ஓர் ஆய்வு செய்ய வேண்டும் அல்லவா? எங்கள் வீடுகளுக்கு ஒரு தாதி எப்படிப் போக வேண்டும் என்பதைச் செய். அட்டையில் இல்லாததை எழுது. வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியதை நீ எழுதி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்க் கேட்டு எழுதி அனுப்புகிறேன்.

ஆங்கிலம் உன் பாடு. அழுதாவது படி.

நேசம்


கொழும்பு
22.04.2024

நேசம்,

மூன்று நாள் மறுமொழி எழுத வரவில்லை. நான்காம் நாள் அந்த மால்டை நினைத்துச் சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை. அறையில் இருந்த மேனுகா பயந்து எழும்பிவிட்டாள். குருநாகல் பிள்ளை, சிங்களம். அவளிடம் உன் கதையைச் சொன்னேன், பெயர் சொல்லாமல். அவள் சிரிக்கவில்லை. தனக்கு முதல் வேலை வவுனியாவில் என்றும், ஒரு தாய் தமிழில் அழுதுகொண்டே ஏதோ சொன்னபோது தானும் அப்படித்தான் நின்றதாகவும் சொன்னாள். இப்போது ஓர் ஒப்பந்தம் செய்திருக்கிறோம். விடிய ஒரு மணித்தியாலம் அவள் எனக்கு ஆங்கிலக் கேள்விகளைப் பிரித்துச் சொல்கிறாள். பின்னேரம் நான் அவளுக்குத் தமிழ். "எங்க நோகுது" என்பதை அவள் சொல்வதைக் கேட்டால் நோகாத இடமும் நோகும்.

ஆய்வுத் தலைப்பை எனக்குப் பொறுப்பான விரிவுரையாளரிடம் சொன்னேன். இதெல்லாம் பொது அறிவுதானே, இதில் ஆய்வு எங்கே என்று கேட்டார். ஒரு படித்த தாதி வெள்ளை வாகனத்தில் போன கதையைச் சொன்னேன். பன்னிரண்டு வீடு வேண்டும், ஆட்களின் சம்மதம் வேண்டும், பெயர் இருக்கக் கூடாது, இலக்கம் மட்டும் என்றார்.

கேள்விகளை இணைத்திருக்கிறேன். உன்னுடைய இலக்கத்தைத் தடையிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் எழுது. தொலைபேசியில் நீ இவ்வளவு சொல்லமாட்டாய்.

நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. அதுவும் வரும்.

ராஜினி


முல்லைத்தீவு
30.06.2024

ராஜினி,

இரண்டாம் பரீட்சையில் ஐம்பத்திரண்டு என்று அறிந்த அன்று வாட்டில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு, என் பிறந்தநாள் என்றேன். பொய் சொல்வது எனக்குப் புதிதில்லையே.

ஒன்பது வீடுகள் முடிந்தன. உன் ஸ்கூட்டியை வைத்தியசாலைக் கொட்டிலில் விட்டுப் போனாயல்லவா, அதைக் கேட்காமல் எடுத்தேன். நாற்பத்தைந்து வயதில் பழகினேன். இரண்டு தரம் விழுந்தேன். ஸ்கூட்டியில் ஒரு பக்கக் கண்ணாடி இப்போது இல்லை. நிஷாந்தன் பின்னால் ஓடி வந்து, "சிஸ்டர், பிரேக் எண்டும் ஒண்டு இருக்கு" என்றார்.

குறிப்புகள் தனி உறையில் வருகின்றன. ஆனால் சிலவற்றை உனக்குச் சொல்ல வேண்டும். நான்காம் வீட்டில் அந்தத் தாய் முதலில் தேத்தண்ணி தந்தா. வேண்டாம் என்றேன், நேரமில்லை என்று. அவ உள்ளே போனவ திரும்பி வரவே இல்லை. அடுத்த ஞாயிறு போய்க் குடித்தேன். குடித்து முடித்த பிறகுதான் மகன் இரவில் நடப்பதைப் பற்றிக் கதைத்தா. நீ ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து மத்தியானம் சாப்பாடு வேண்டாம் என்பாய். நான் உன்னை உணவு குறைக்கிறாள் என்று பகிடி பண்ணுவேன்.

ஏழாம் வீட்டில் ஊசி என்ற சொல்லே கிடையாது. "சத்து மருந்து" என்றுதான் நீ சொல்வாயாம். ஊசி எடுக்கும் அந்தப் பிள்ளையின் கணவனுக்கு அது என்ன மருந்தென்று தெரியாதாம். இது சரியா என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். சரியில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆய்வில் அதையும் எழுது. நீ செய்ததெல்லாம் சரி என்று எழுதினால் அது ஆய்வில்லை, திருவிழா.

ஒன்பதாம் வீட்டில் ஒரு தகப்பன். மகளுக்குத்தான் வருத்தம்; மருந்து எடுப்பவள் அவள்தான். உன்னைப் பற்றிச் சொல்லுங்கோ என்றேன். "அந்தப் பிள்ளை வந்தா, முதல்ல என்ர மகளின்ர பேரைச் சொல்லிக் கதைக்கும். வருத்தத்தின்ர பேர் கடைசியிலதான் வரும்" என்றார்.

ராஜினி, நான் இருபது வருடம் நல்ல தாதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதிவேடு சுத்தம், மருந்து அலுமாரி ஒழுங்கு, வாட்டு அமைதி. அதெல்லாம் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் உன் வேலையை நான் "வீடுகளுக்குப் போய்வருகிறாள்" என்று ஒரு வரியில் மாதாந்த அறிக்கையில் எழுதினேன். பதினொரு வருடமாக அந்த ஒரு வரி. இப்போது அந்த வரிக்குள் போய் வந்திருக்கிறேன்.

சிற்றம்பலத்தார் இந்த மாதம் முகத்தைத் திருப்பவில்லை. ஊசி போட்ட பிறகு, ஸ்கூட்டிக்குக் காற்றுக் குறைவு என்று சொன்னார். நான் கடையடியில் விட்டதை எப்படிப் பார்த்தார் என்று தெரியவில்லை.

நேசம்


கொழும்பு
06.12.2024

நேசம்,

நான்கு நாட்களுக்கு முன் ஆய்வின் வாய்மொழிப் பரீட்சை முடிந்து, நேற்றுப் பெறுபேறு வந்தது. அறையில் மேனுகா நித்திரை. எனக்கு வரவில்லை. உனக்கு எழுதுகிறேன்.

பரீட்சகர்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஆங்கிலத்தில் தொடங்கினேன். நான்காம் வீட்டுத் தாய் வந்ததும் ஆங்கிலம் போதவில்லை, சிங்களத்துக்கு மாறினேன். ஓரிடத்தில் எனக்குத் தெரியாமலே தமிழ் வந்துவிட்டது. நிறுத்தினேன். நடுவில் இருந்த பேராசிரியர் கையைக் காட்டினார், தொடருங்கள் என்று. பின்னால் இருந்து மேனுகா எழுந்து அந்த இரண்டு வசனங்களையும் சிங்களத்தில் சொன்னாள். சரியாகச் சொன்னாள்.

ஏழாம் வீட்டைப் பற்றிக் கடுமையாகக் கேட்டார்கள். அது பிழை, இனி எப்படித் திருத்தப் போகிறோம் என்று நீ எழுதச் சொன்னதைத்தான் சொன்னேன். ஒளித்திருந்தால் அங்கேயே முடிந்திருப்பேன்.

பிறகு பேராசிரியர் கேட்டார்: "இதெல்லாம் ஒரு தாதியின் தலைக்குள் இருக்கிறது. அந்தத் தாதி போய்விட்டால்?"

"போனேன், சேர்" என்றேன். வெள்ளை வாகனத்தைச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. ஆனால் இதைச் சொன்னேன்: "அந்தப் பிழையைச் செய்தவர் என் பொறுப்பதிகாரி. அதை மறைக்காமல் எனக்கு எழுதினார். பிறகு தானே பன்னிரண்டு வீட்டுக்கும் போனார். எங்கள் பிரிவில் இப்போது ஒவ்வொரு அட்டைக்குப் பின்னாலும், அந்த வீட்டுக்கு எப்படிப் போக வேண்டும் என்று சொல்லும் இன்னோர் அட்டை இருக்கிறது. நான் போனாலும் இனி யாரும் வேலி தாண்டி ஓடமாட்டார்கள்."

எழுபத்தெட்டு. முப்பத்தொரு பேரில் மூன்றாவது. மூன்றாவது, நேசம். திரும்பத் திரும்ப எழுதிப் பார்க்கிறேன்.

இங்கேயே பயிற்றுநராக இருக்கச் சொல்லிக் கேட்டார்கள். விடுதி, கொழும்புப் பள்ளிக்கூடம், மகனுக்கு நல்லது, எல்லாம் சொன்னார்கள். ஓர் இரவு முழுக்க ஆசைப்பட்டேன், பொய் சொல்லமாட்டேன். வருடத்தில் இரண்டு கிழமை வந்து கற்பிக்கிறேன், மற்ற நாட்களில் எனக்கு வீடுகள் இருக்கின்றன என்றேன்.

அதற்கு அவர்கள் ஒரு முடிவு எடுத்தார்கள். அடுத்த அணியில் ஆறு பேரை மார்ச் மாதம் களப்பயிற்சிக்கு எங்கள் பிரிவுக்கு அனுப்புகிறார்கள். இவ்வளவு காலமும் வன்னிக்கு ஒருவரும் அனுப்பப்பட்டதில்லை. கற்பிக்கும் பொறுப்பாளர் பெயரை உடனே எழுதித் தரச் சொன்னார்கள். உன் பெயரை எழுதினேன். கேட்காமல் எழுதினேன். வேண்டுமானால் கோபித்துக்கொள். ஆனால் அந்தப் படிவத்தில் என் கையொப்பம் இருக்கிறது, அதை எடுக்கமாட்டேன்.

ராஜினி


முல்லைத்தீவு
17.12.2024

ராஜினி,

கோபம்தான். மூன்று நாள் இருந்தது. ஆறு பேரில் நான்கு பேருக்குத் தமிழ் தெரியாதாம். முதல் நாள் அவர்களைத் தேத்தண்ணி குடிக்கப் பழக்கப் போகிறேன். மற்றதெல்லாம் இரண்டாம் நாள். நான் தமிழில் சொல்வேன், அவர்கள் விளங்கும்வரை சொல்வேன். என் சிங்களம் இன்னும் மோசம். ஆனால் இந்த முறை சொல்வதற்கு என்னிடம் பன்னிரண்டு வீடுகள் இருக்கின்றன.

உன் பெறுபேற்றை மாதாந்த அறிக்கையில் எழுதினேன். ஒரு வரியில் அடங்கவில்லை, ஒரு பக்கம் போனது. பணிப்பாளர் அலுவலகத்திலிருந்து தொலைபேசி எடுத்து, இவ்வளவு நீளம் எதற்கு என்று கேட்டார்கள். எங்கள் மாவட்டத்தின் முதல் சமூக உளநலத் தாதி, சுருக்க முடியாது என்றேன்.

நேற்று விசுவமடு. சிற்றம்பலத்தார் வயலுக்குப் போக ஆயத்தமாக நின்றார். ஊசி போட்டுவிட்டு, உன் செய்தியை வீரம்மாவிடம் சொன்னேன். படிப்பு முடிந்தது, மூன்றாவதாக வந்திருக்கிறாய், பெரிய பட்டம் என்று. கையிலிருந்த சுளகை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப ராஜினி மிஸ் இனி டொக்டரா?"

"இல்லை. நேர்ஸ்தான்" என்றேன்.

அவளுக்கு முகம் மலர்ந்தது. "நல்ல வேளை மிஸ். டொக்டரா ஆகியிருந்தா வீட்டுக்கு வரமாட்டாங்க."

நேசம்